அடுப்புப் புகையும் நம் மூச்சும்
(வளர்கல்வி மையம் ஒன்றில் பேசியது)



இன்று புகையைப் பற்றிப் பேசப் போகிறோம். புகை என்றதும் பீடியும் சிகரெட்டும் ஞாபகம் வரும். பஸ்ஸும் லாரியும் விடும் கரும்புகை ஞாபகம் வரும். ஆலைகளின் உயரமான புகைபோக்கி ஞாபகம் வரும். அவையும் கெட்டவைதான். ஆனால் நான் சொல்லப்போவது வேறு புகை. அது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தினமும் காலையிலும் மாலையிலும் வருகிறது. பழகிப்போனதால் அதை நாம் கண்டுகொள்வதில்லை.

ஐம்பது வயது அம்மா ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருமல் விடுவதில்லை. டாக்டர் கேட்கிறார்: "வீட்டில் யாராவது பீடி பிடிப்பார்களா?" "இல்லை" என்கிறார் அந்த அம்மா. "என்ன அடுப்பில் சமைக்கிறீர்கள்? எத்தனை வருஷமாக?" என்று டாக்டர் அடுத்துக் கேட்கிறார். பதில் அங்கேதான் இருக்கிறது. பத்து வயதில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவர். நாற்பது வருஷம் ஊதுகுழலும் கையுமாக இருந்தவர். பீடியைத் தொடாமலே பீடி பிடிப்பவருக்கு வரும் நோய் அவருக்கு வந்துவிட்டது. நம் நாட்டில் எல்லா மாநிலங்களிலும் இப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள்.

புகை எங்கிருந்து வருகிறது?

விறகு எரிய இரண்டு வேண்டும். ஒன்று போதுமான காற்று. இன்னொன்று போதுமான சூடு. இரண்டும் இருந்தால் விறகு முழுதாக எரியும். அப்போது கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலும்தான் மிஞ்சும். புகை மிகக் குறைவாக இருக்கும்.

காற்று போதவில்லை என்றால்? விறகு ஈரமாக இருந்தால்? ஈர விறகில் நெருப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். விறகிலிருந்து கிளம்பும் வாயுக்கள் எரிவதற்குத் தேவையான சூடு மிஞ்சாது. அவை எரியாமலே வெளியே தப்பிவிடும். அதைத்தான் புகை என்கிறோம். புகை என்பது எரியாமல் போன விறகு. நாம் சுமந்து வந்த விறகு, காசு கொடுத்து வாங்கிய விறகு, சோற்றை வேகவைக்காமல் நம் நெஞ்சுக்குள் போகிறது. நோய் ஒரு பக்கம் இருக்கட்டும், இது நஷ்டக் கணக்கும்கூட.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மண்ணெண்ணெய் விளக்கு வீட்டில் இருந்தால் திரியைக் கொஞ்சம் அதிகமாகத் தூண்டுங்கள். சுடர் பெரிதாகும். சிம்னிக் கண்ணாடி கறுத்துவிடும். எண்ணெய் அதிகமாக வருகிறது, அதற்குத் தக்க காற்று இல்லை. அதனால் எண்ணெயில் ஒரு பகுதி எரியாமல் கரியாகிறது. திரியை இறக்கினால் கரி குறையும்.

கேஸ் அடுப்பிலும் இதைப் பார்க்கலாம். சுடர் நீலமாக இருந்தால் நன்றாக எரிகிறது என்று அர்த்தம். மஞ்சளாக எரிந்தால், பாத்திரத்தின் அடி கறுத்தால், பர்னரில் அடைப்பு இருக்கிறது. ஊசியும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் போதும், சுத்தம் செய்துவிடலாம்.

பாத்திரத்தின் அடியில் இருக்கும் கரியைத் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து எடுக்கிறோம். கூரையில் தொங்கும் ஒட்டடை கூட கறுத்துப் போயிருக்கிறது. அதே கரி நம் நுரையீரலிலும் படிகிறது. அதைத் தேய்த்து எடுக்க வழி இல்லை.

புகைக்குள் என்ன இருக்கிறது?

கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசு இருக்கிறது. எவ்வளவு பொடி? உங்கள் தலைமுடி ஒன்றை எடுங்கள். அதன் பருமனை முப்பது பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பங்கு அளவுதான், அல்லது அதைவிடச் சிறியது. பெரிய தூசு மூக்கிலேயே நின்றுவிடும். சளியோடு வந்துவிடும். இந்தப் பொடித் தூசு நிற்காது. நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போகும். அங்கே புண்ணும் வீக்கமும் உண்டாக்கும். அதில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலந்துவிடும். அதனால்தான் அடுப்புப் புகை இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம் வரையிலும் அதன் கை நீளுகிறது.

கண்ணை எரிக்கும் வாயுக்கள் இருக்கின்றன. புற்றுநோயைத் தூண்டும் பொருள்கள் இருக்கின்றன. வீட்டில் எரியும் நிலக்கரியின் புகை நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். விறகுப் புகையும் உண்டாக்கக்கூடும் என்கிறார்கள். பல வருஷம் புகையில் சமைத்த பெண்களுக்குக் கண்ணில் புரை விழுவதும் அதிகம்.

கார்பன் மோனாக்சைடு என்று ஒரு விஷ வாயுவும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

குஜராத்தில் அளந்து பார்த்தார்கள்

முன்பெல்லாம் காற்று கெட்டிருக்கிறதா என்று அளப்பவர்கள் பெரும்பாலும் நகரத்துத் தெருக்களில்தான் கருவியை வைப்பார்கள். கிராமத்துக் காற்று சுத்தமானது என்று எல்லோரும் நினைத்தார்கள். அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. சமைப்பது பெண்கள்தானே!

1980களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் நம் நாட்டு விஞ்ஞானிகளும் குஜராத் மாநிலத்தில் நான்கு கிராமங்களுக்குப் போனார்கள். சமைக்கும் பெண்களின் உடலிலேயே சிறிய கருவியை மாட்டிவிட்டார்கள். அவர்கள் மூச்சு விடும் இடத்துக் காற்றை அது அளந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 7 மில்லிகிராம் தூசு இருந்தது.

7 மில்லிகிராம் என்றால் கேட்பதற்குக் கொஞ்சமாக இருக்கும். ஒரு கணக்குப் போடுவோம். 1994இல் நம் அரசு, குடியிருக்கும் இடங்களில் ஒரு நாளில் சராசரியாக இவ்வளவு தூசுதான் இருக்கலாம் என்று ஒரு வரம்பு வைத்தது. அது 200 மைக்ரோகிராம். ஆயிரம் மைக்ரோகிராம் சேர்ந்தால் ஒரு மில்லிகிராம். ஆகவே 7 மில்லிகிராம் என்பது 7,000 மைக்ரோகிராம். 7,000ஐ 200ஆல் வகுத்துப் பாருங்கள். 35 மடங்கு!

அடுப்பு இருபத்து நான்கு மணி நேரமும் எரிவதில்லை, சமைக்கும் நேரம்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்த நேரம் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி. வருஷத்துக்கு 365 நாள். சமையலுக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை இல்லை.

அந்த அளவீட்டுக்குப் பிறகுதான் அடுப்படிக் காற்றையும் உலகம் கவனிக்கத் தொடங்கியது. இன்று உலக சுகாதார நிறுவனம் ஒரு மதிப்பீடு சொல்கிறது. 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுப் புகையால் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்தார்கள். அதில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். 2019இல் நம் நாட்டில் மட்டும் இந்தப் புகையால் இறந்தவர்கள் சுமார் 6 லட்சம் பேர் என்று இன்னொரு மதிப்பீடு சொல்கிறது. சாவுச் சான்றிதழில் புகை என்று யாரும் எழுதுவதில்லை. நெஞ்சடைப்பு, நிமோனியா, மூச்சுத் திணறல் என்றுதான் எழுதுவார்கள்.

இடுப்பில் இருக்கும் குழந்தை

நம் வீடுகளில் சமைக்கும்போது குழந்தை எங்கே இருக்கும்? அம்மாவின் இடுப்பில் இருக்கும். இல்லையென்றால் பக்கத்தில் தவழும். பனிக்காலத்தில் "அடுப்புக்குப் பக்கத்தில் படுக்க வை, கதகதப்பாக இருக்கும்" என்போம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடுகிறது. அதன் உடல் எடைக்குக் கணக்குப் பார்த்தால் நம்மைவிட அதிகப் புகையை இழுக்கிறது. அதன் நுரையீரல் இன்னும் வளர்ந்து முடியவில்லை.

புகை வீட்டில் வளரும் குழந்தைக்கு நிமோனியா போன்ற நெஞ்சு நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. நிமோனியா என்றால் நுரையீரலில் சீழும் நீரும் கட்டிக்கொள்வது. சாதாரணச் சளி என்று கஷாயம் கொடுத்துக்கொண்டு இருந்தால் இரண்டே நாளில் குழந்தை கையை விட்டுப் போய்விடும்.

சாதாரணச் சளியா, நிமோனியாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஸ்டெதாஸ்கோப் வேண்டாம். கடிகாரம் பார்க்கவும் எண்ணவும் தெரிந்தால் போதும். நீங்கள் இந்த மையத்தில் கற்றுக்கொண்டது இங்கே உதவும்.

குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது அதன் சட்டையைத் தூக்குங்கள். நெஞ்சும் வயிறும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிஷம் எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கக் கூடாது. குழந்தையின் மூச்சு சீராக இருக்காது, கணக்குத் தப்பிவிடும்.

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல். ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல். இந்த எண்ணிக்கை வந்தால் உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலும், குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். 108க்குப் போன் செய்யுங்கள், அல்லது கிடைக்கிற வண்டியில் ஏறுங்கள்.

இந்த மூன்று எண்களையும் இப்போதே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதி முடிக்கும் வரை காத்திருக்கிறேன்.

வாசனை இல்லாத விஷம்

கார்பன் மோனாக்சைடு என்றேன் அல்லவா? அதற்கு நிறம் இல்லை. மணம் இல்லை. கண்ணை எரிக்காது. இருமல் வராது. அதனால்தான் அது மற்றதைவிடக் கொடியது. புகை வந்தால் எழுந்து ஓடுவோம். இது வந்தால் தூங்கிவிடுவோம்.

நம் ரத்தத்தில் சிவப்பான ஒரு பொருள் இருக்கிறது. மூச்சில் வரும் பிராணவாயுவை உடம்பெல்லாம் சுமந்து செல்வது அதன் வேலை. பஸ்ஸில் சீட்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிராணவாயு உட்கார வேண்டிய சீட்டில் கார்பன் மோனாக்சைடு வந்து உட்கார்ந்துவிடுகிறது. பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. சீக்கிரம் இறங்காது. மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு போய்ச் சேராது.

டில்லி, பஞ்சாப், உத்தரப் பிரதேசம் பக்கம் மார்கழி, தை மாதங்களில் கடுங்குளிர் அடிக்கும். 'அங்கீட்டி' என்ற கரி அடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு, குளிர் காற்று வராமல் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டுத் தூங்குவார்கள். காலையில் கதவைத் தட்டினால் திறக்க ஆள் இருக்காது. அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் படுத்த இடத்திலேயே இறந்து கிடப்பார்கள். குளிர்காலம் வந்தால் பத்திரிகையில் இந்தச் செய்தி வராத வருஷம் இல்லை. பிழைப்புக்காக வெளியூரிலிருந்து வந்து ஒரே அறையில் தங்கும் தொழிலாளர்கள் பலர் இப்படி இறந்திருக்கிறார்கள். நம் பிள்ளைகளும் வேலைக்கு வடக்கே போகிறார்கள், மலைப் பிரதேசங்களுக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லி அனுப்புங்கள்.

"கரியில்தான் புகையே வராதே, அது நல்லதுதானே?" என்று முன் வரிசையில் ஓர் அண்ணன் கேட்கிறார். அங்கேதான் ஏமாந்து போகிறோம். கரி கனன்றால் புகை தெரியாது. ஆனால் இந்த விஷ வாயு நிறைய வரும். தணல் பூத்துக் கிடக்கும்போதும் வரும். ஆகவே கும்மட்டி அடுப்போ, தணல் சட்டியோ, மூடிய அறையில் எரிந்துகொண்டிருக்கக் கூடாது. ஆள் தூங்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

பிள்ளை பெற்ற பெண்ணை மூடிய அறையில் வைத்து, பக்கத்தில் தணல் சட்டியும் வைக்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. குழந்தைக்குத் தலை குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டுவோம். பாட்டிமார்கள் என்னைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தாய்க்கும் பிள்ளைக்கும் சூடு வேண்டும் என்பது சரி. அதற்குப் போர்வை போதும், தொப்பி போதும், தாயின் நெஞ்சோடு சேர்த்து அணைத்தால் போதும். பிறந்த குழந்தையின் நெஞ்சுக்குள் புகை போக வேண்டாம். குழந்தையின் தலைமுடியைத் துணியால் துடைத்தாலே காய்ந்துவிடும்.

வெந்நீருக்குக் கேஸ் கீசர் வைக்கும் வீடுகள் இப்போது கூடிவிட்டன. ஜன்னல் இல்லாத சின்னக் குளியலறைக்குள் அதை மாட்டினால் அதே ஆபத்துதான். குளிக்கப் போனவர் விழுந்து கிடப்பார். கீசரை வெளியே மாட்டிக் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். ஜெனரேட்டரையும் வீட்டுக்குள் ஓட்டக் கூடாது.

அறையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் சாப்பாடு சரியில்லை என்று நினைக்காதீர்கள். எது எரிகிறது என்று பாருங்கள். கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே கொண்டுவந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே பிராணவாயு கொடுப்பார்கள். மயங்கிக் கிடப்பவரைத் தூக்கப் போகிறவர் தனியாக உள்ளே போய் அவரும் விழக் கூடாது. முதலில் கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, துணைக்கு ஆளை வைத்துக்கொண்டு போக வேண்டும்.

கொசுவர்த்தியும் குப்பையும்

கொசுவர்த்திச் சுருள் கனன்றுகொண்டே இருக்கும், சுடர்விட்டு எரியாது. அரைகுறையாக எரிவதுதான் அதன் வேலையே. ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் பொடித் தூசு, 75 முதல் 137 சிகரெட் வரை எரிந்ததற்குச் சமம் என்று ஓர் ஆராய்ச்சியில் கண்டார்கள். மூடிய அறையில் குழந்தையின் தலைமாட்டில் அதை வைக்கிறோம். கொசுவலை ஒன்று வாங்கினால் பல வருஷம் உழைக்கும்.

குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், உங்களுக்கே தெரியும். முன்பு நம் குப்பை சருகும் வைக்கோலுமாக இருந்தது. இப்போது பாதி பிளாஸ்டிக். பிளாஸ்டிக் பையும் பழைய செருப்பும் டயரும் வயரும் எரிந்தால் டயாக்சின் போன்ற விஷங்கள் வரும். அவை மண்ணிலும் புல்லிலும் படிந்து, மாட்டுப் பால் வழியாக நம் வயிற்றுக்கே திரும்பி வரும். 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவு போட்டது. பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய். ஆனால் குப்பை வண்டி வராத தெருவில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? எரிக்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. வண்டி வர வேண்டும். கிராம சபையில் இதை எழுதிக் கொடுங்கள். பெயரும் தேதியும் போட்டு எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

கேஸ் வந்தது, விறகும் இருக்கிறது

2016 மே 1ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் பலியா என்ற ஊரில் உஜ்வலா திட்டத்தைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பெண்களின் பெயரில் கேஸ் இணைப்பு. நாடு முழுதும் 10 கோடிக்கு மேல் இணைப்புகள் கொடுத்துவிட்டார்கள். இது பெரிய காரியம். மறுக்க முடியாது.

ஆனாலும் 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு என்ன சொல்கிறது? நூறு வீடுகளில் சுமார் 59 வீடுகளில்தான் கேஸ், மின்சாரம் போன்ற சுத்தமான எரிபொருளில் சமைக்கிறார்கள். கிராமங்களில் நூற்றுக்கு 43 வீடுகள்தான். ஏன்? அடுப்பு வந்துவிட்டது. முதல் சிலிண்டரும் வந்துவிட்டது. அடுத்த சிலிண்டருக்குக் காசு வேண்டும். விறகுக்கு நம் முதுகுவலிதான் விலை. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. அதனால் டீ போடவும் விருந்தாளி வந்தாலும் கேஸ், சோற்றுக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் வெந்நீருக்கும் விறகு என்று நடக்கிறது.

ஆண்கள் பக்கம் திரும்பி ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அடுத்த சிலிண்டர் எப்போது வாங்குவது என்று முடிவு செய்வது யார்? புகையில் உட்காருபவரா, வாசலில் உட்காருபவரா? இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போட வேண்டும். இருமல் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன வருஷம் எவ்வளவு செலவானது என்பதையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் வேறு மூன்று நாடுகளிலும் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. விறகில் சமைத்த 3,200 கர்ப்பிணிப் பெண்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் கேஸும் இலவசம். மற்றவர்கள் வழக்கம்போல விறகில் சமைத்தார்கள். கேஸ் கிடைத்த பெண்கள் சுவாசித்த தூசு சுமார் 24 மைக்ரோகிராம், மற்றவர்களுக்கு 70 மைக்ரோகிராம். நல்ல வித்தியாசம். ஆனால் 2022இல் முடிவு வந்தபோது, பிறந்த குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு வந்த முடிவில், ஒரு வயதுக்குள் வரும் கடும் நிமோனியாவிலும் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அப்படியானால் கேஸ் வீணா? இல்லை என்பதுதான் என் கருத்து. கர்ப்பம் தரித்து சில வாரம் ஆன பிறகுதான் அடுப்பு மாறியது. அதற்கு முன் பல வருஷப் புகை உடம்பில் இருந்தது. சாப்பாடும் ரத்தசோகையும் குழந்தையின் எடையைத் தீர்மானிக்கின்றன. அடுப்பை மட்டும் மாற்றி எல்லா நோயையும் ஒரே வருஷத்தில் விரட்டிவிட முடியாது. ஆனால் மூன்றில் இரண்டு பங்கு தூசு குறைந்தது உண்மை. அந்தக் குறைவு வருஷக்கணக்கில் தொடர வேண்டும்.

இன்றைக்கு விறகுதான் என்றால்

புகையில்லா அடுப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு ஒரு தேசியத் திட்டத்தில் 3 கோடிக்கு மேல் அப்படிப்பட்ட அடுப்புகளைப் போட்டுக் கொடுத்தது. அவற்றில் பல சில வருஷங்களில் இடிந்தன, அல்லது பழைய அடுப்பாக மாறின. புகைபோக்கியில் கரி அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் செய்ய யாரும் சொல்லித்தரவில்லை. பானை பெரிது, அடுப்பின் வாய் சிறிது என்றும் ஆயிற்று. சமைக்கும் பெண்ணைக் கேட்காமல் அடுப்பு போட்டால் இப்படித்தான் ஆகும். உங்கள் வீட்டில் புகைபோக்கி இருந்தால் அடிக்கடி பழைய துணியைக் கம்பில் கட்டி உள்ளே விட்டுச் சுத்தம் செய்யுங்கள். அது கூரைக்கு மேலே நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் புகை பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் போகும்.

விறகை நன்றாகக் காயவைத்து, மெல்லியதாகப் பிளந்து எரியுங்கள். அடுப்பின் வாய் நிறையத் திணிக்காதீர்கள், காற்று உள்ளே போக இடம் வேண்டும். விறகைச் சற்று உயர்த்தி வைக்க ஓர் இரும்புச் சல்லடைத் தட்டு போட்டால் அடியிலிருந்தும் காற்று வரும். வறட்டியும் சருகும் விறகைவிட அதிகம் புகையும். பற்றவைக்கப் பிளாஸ்டிக் பையைப் போடாதீர்கள், தேங்காய்ப் பன்னாடை போதும். பருப்பையும் அரிசியையும் முன்பே ஊறவையுங்கள், பாத்திரத்தை மூடி வையுங்கள், சீக்கிரம் வெந்துவிடும். சமைத்து முடித்ததும் கொள்ளிக்கட்டையை இழுத்து மண்ணில் புதைத்து அணைத்துவிடுங்கள். அடுப்பில் விட்டால் அது புகைந்துகொண்டே கிடக்கும்.

மழை இல்லாத நாளில் வாசலிலோ தாழ்வாரத்திலோ சமைக்கலாம். சமையலறையில் கூரைக்கு அருகே ஒரு திறப்பும் எதிரே ஒரு ஜன்னலும் இருந்தால் புகை வெளியேறும். வீடு கட்டும்போது கொத்தனாரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைக்குழந்தையை அந்த நேரத்தில் வேறு யாராவது வெளியே வைத்துக்கொள்ளட்டும். தாத்தா வைத்துக்கொள்ளலாம், அப்பாவும் வைத்துக்கொள்ளலாம்.

பின்னால் ஒரு பாட்டி கேட்கிறார்கள்: "எனக்கு எழுபது வயசு. இனிமே அடுப்பை மாத்தி எனக்கு என்ன ஆகப்போகுது?" பாட்டி, போன நுரையீரல் திரும்ப வராது. ஆனால் புகை நின்றால் இருமலும் இளைப்பும் குறையும். ராத்திரி தூக்கம் வரும். மூச்சு ஊதிப் பரிசோதனை செய்யும் கருவி பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. இருமலும் இளைப்பும் விடாமல் இருந்தால் போய்ப் பாருங்கள். இழுத்துக்கொள்ளும் மருந்து கொடுப்பார்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் "நாற்பது வருஷம் விறகு அடுப்பில் சமைத்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். இரண்டு வாரம் ஆகியும் இருமல் நிற்காவிட்டால் சளிப் பரிசோதனையும் செய்ய வேண்டும். காசநோயாகவும் இருக்கலாம்.

கிராம சுகாதார செவிலியர் அக்கா வந்திருக்கிறார். இரண்டு குழந்தைகளையும் அவர்களுடைய அம்மாக்கள் கூட்டி வந்திருக்கிறார்கள். கைக்கடிகாரமோ செல்போனோ இருப்பவர்கள் எடுத்துக்கொண்டு முன்னால் வாருங்கள். அக்கா "ஆரம்பிக்கலாம்" என்று சொன்னதும் மூச்சை எண்ணத் தொடங்குங்கள். ஒரு நிமிஷம் முடிந்ததும் யாருக்கு எத்தனை வந்தது என்று பலகையில் எழுதிப் பார்ப்போம்.